ஒரு சாண் தூரம்: லண்டனில் சைக்கிள் கமரா வைத்திருப்பவர்களுக்கு

டூட்டிங்கிலிருந்து எலிஃபன்ட் அன்ட் காசில் வரை வேலைக்குச் சைக்கிளில்தான் போகிறேன். யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் இல்லாத தொண்ணூறுகளில் தங்கச்சியைப் பாரில் ஏற்றி, பின்னால் அரிசி மூட்டை கட்டி ஓடியவன் நான். சைக்கிளில் பயம் என்றால் என்னவென்று தெரிந்தது இங்கே வந்த பிறகுதான்.

பல்ஹாம் பக்கம் ஒரு காலை, வெள்ளை வான் ஒன்று ஒரு சாண் இடைவெளியில் என்னைத் தாண்டிப் போனது. அடுத்த சிக்னலில் பிடித்து, கண்ணாடியில் தட்டினேன். ஆள் இறங்கினான். நடுரோட்டில் இரண்டு பேரும் கத்தினோம். இரவு வீட்டில் வீடியோவைப் போட்டுப் பார்த்தால், வான் தாண்டியது மூன்று செக்கன். என் கூச்சல் ஒன்றரை நிமிடம். போதாததற்கு, கோபத்தில் நான் சிவப்பு விளக்கில் வெள்ளைக் கோட்டைத் தாண்டி நிற்பதும் தெளிவாகத் தெரிகிறது. பக்கத்தில் இருந்து பார்த்த மனிசி கேட்டாள்: "ஏனப்பா, அந்தாள் இறங்க முதல் நீங்கள்தானே கண்ணாடியில தட்டினனீங்கள்?"

இப்படி ஆபத்தாகத் தாண்டும் வாகனங்களின் வீடியோவை இங்கே பொலிஸுக்கு அனுப்பி முறையிடலாம். அந்த வீடியோவை நான் அவர்களுக்கு அனுப்பவில்லை. அதற்குப் பிறகு பழகிக்கொண்டதை எழுதுகிறேன்.

கமரா இரண்டு இருந்தால் நல்லது. சீட்டுக்குக் கீழே ஒன்று, வாகனம் எப்படி வந்தது என்று காட்டும். முன்னால் ஒன்று, தாண்டிய பிறகு அதன் மஞ்சள் நம்பர் பிளேட்டைப் பிடிக்கும். ஒன்றுக்குத்தான் காசு என்றால் முன்னால் பூட்டுங்கள். நம்பர் வாசிக்க முடியாத வீடியோவை வைத்துப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. செக்கனுக்கு 60 படம் எடுக்கும்படி வைத்தால் மங்கலான வெளிச்சத்திலும் எழுத்து இழுபடுவது குறையும். மழை நாளில் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் லென்ஸை விரலால் துடைத்துக்கொள்வேன். அப்புறம் கமராவின் கடிகாரம். மார்ச், ஒக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு இங்கே நேரம் மாறும், கமரா தானாக மாறாது. வீடியோவில் 7:52, நீங்கள் எழுதியது 6:52 என்றால், முதல் கேள்வி உங்களிடம்தான் வரும்.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. இந்தக் கமராக்களின் லென்ஸ் அகலமானது. எல்லாவற்றையும் தூரத்தில் தள்ளிக் காட்டும். உங்களுக்கு நெஞ்சு அடைத்த இடத்தில், பார்ப்பவருக்கு "இடம் இருக்கிறதே" என்று தோன்றும். நான் என்ன செய்தேன் என்றால், வீட்டுக்குப் பின்னால் சைக்கிளை நிறுத்தி, ஹாண்டில் நுனியிலிருந்து அளவு நாடாவைப் பிடித்து, மகனைத் தும்புத்தடியோடு ஒன்றரை மீட்டரில் நிற்க வைத்தேன். திரையில் பார்த்தால் இடையில் ஒரு பஸ் போகலாம் போல இருந்தது. அரை மீட்டருக்கு வரச் சொன்னேன். அப்போதும் சாவகாசமாகத்தான் தெரிந்தது. தும்புத்தடி ஹாண்டிலில் கிட்டத்தட்ட முட்டும்போதுதான் கொஞ்சம் பயமாகத் தெரிந்தது. அந்தப் படங்களை வைத்திருக்கிறேன். ஒரு சம்பவம் நடந்தால் அவற்றோடு ஒப்பிட்டுத்தான் தூரத்தைச் சொல்வேன்.

ஒன்றரை மீட்டர் எங்கிருந்து வந்தது? 2022 ஜனவரி 29 முதல் ஹைவே கோடில், அதாவது இங்குள்ள வீதி விதிக் கையேட்டில், இருக்கிறது. 30 மைல் வேகம் வரை, சைக்கிளைத் தாண்டும் வாகனம் குறைந்தது அவ்வளவு இடம் விட வேண்டும், வேகம் கூடினால் இன்னும் கூட. ஆனால் அது சட்டக் கட்டளை அல்ல, அறிவுரை. வழக்கு என்று போனால் 1988 வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் கவனக்குறைவான ஓட்டம் என்றுதான் போகும். ஆகவே "1.5 மீட்டர் விடவில்லை" என்பதோடு நிறுத்தாதீர்கள். பிரேக் பிடிக்க வேண்டி வந்ததா, எதிரே வாகனம் வந்ததா, ரோட்டு ஒடுங்கிய இடமா என்று சொல்லுங்கள்.

சம்பவம் நடக்கும் கணத்தில் வேலை ஒன்றே ஒன்று: நம்பரைச் சத்தமாகச் சொல்வது. இரண்டு எழுத்து, இரண்டு இலக்கம், மூன்று எழுத்து. படம் மங்கினாலும் ஒலி இருக்கும். துரத்த வேண்டாம், தட்ட வேண்டாம். தமிழில் திட்டினால் யாருக்கு விளங்கும் என்று நினைக்காதீர்கள். அந்தத் தொனிக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

ஓட்டுநர் இறங்கி வந்தால் சைக்கிளை நடைபாதைக்கு ஏற்றுங்கள், கமராவை நிறுத்தாதீர்கள், மிரட்டினால் 999க்கு, அவசரப் பொலிஸுக்கு, எடுங்கள். அது வீடியோ அனுப்பும் அலுவல் அல்ல.

மற்றபடி, அன்று இரவே உட்கார்ந்துவிடுங்கள். வாகனத்தின் பதிவுச் சொந்தக்காரருக்கு வழக்கு அறிவித்தல் 14 நாட்களுக்குள் போய்ச் சேர வேண்டும். அது பொலிஸுக்கு உள்ள கெடு. நீங்கள் பன்னிரண்டாம் நாள் அனுப்பினால் அவர்கள் பார்த்து, கடிதம் அடித்து அனுப்ப நேரம் இருக்காது. அறிவித்தல் போனதும், அன்று யார் ஓட்டினார் என்று 28 நாட்களுக்குள் சொந்தக்காரர் சொல்ல வேண்டும்.

லண்டன் பொலிஸின் இணையத்தளத்திலேயே வீடியோவை ஏற்றலாம். வெட்டாத கோப்பாக இருக்கட்டும். அம்புக்குறி, மெதுவாக ஓட்டுவது, பாட்டு ஒன்றும் வேண்டாம். சம்பவத்துக்கு முன்னும் பின்னும் ஒரு நிமிடமாவது இருக்க வேண்டும், இரண்டு என்றால் இன்னும் நல்லது. அந்த நிமிடத்தில் நீங்கள் சிவப்பு விளக்கைத் தாண்டியிருந்தால் அதுவும் பொலிஸுக்குப் போகும். சைக்கிள்காரனுக்கு அதற்கு 50 பவுண் தண்டம்.

எழுத்து வறட்சியாக இருக்கட்டும். "அந்த விசரன் என்னைக் கொல்லப் பார்த்தான்" என்று எழுத கை துடிக்கும். இப்படி எழுதுங்கள்: "செவ்வாய் காலை 6:52. பல்ஹாம் ஹை ரோட், வடக்கு நோக்கி. கரையிலிருந்து முக்கால் மீட்டர் தள்ளி நேராக ஓடினேன். வெள்ளை வான் வலப்பக்கம் தாண்டியது. அதன் கண்ணாடிக்கும் என் முழங்கைக்கும் இடையே சுமார் 20 சென்ரிமீட்டர். பிரேக் பிடித்து இடப்பக்கம் ஒதுங்கினேன்." கரைக்கு ஒட்டி ஓடாததற்கு மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. அரை மீட்டராவது தள்ளி ஓடச் சொல்வதே ஹைவே கோட்தான். ஒடுங்கிய இடத்தில் லேனின் நடுவிலும் ஓடலாம்.

நீதிமன்றத்துக்கு வர முடியுமா என்று கேட்பார்கள். முடியும் என்றால் மட்டும் ஓம் சொல்லுங்கள். பெரும்பாலும் அதுவரை போகாது. ஓட்டுநருக்கு எச்சரிக்கைக் கடிதம், இல்லையென்றால் ஒரு பயிற்சி வகுப்பு, இல்லையென்றால் 100 பவுண் தண்டமும் லைசென்சில் 3 தண்டப் புள்ளியும். கையில் போன் வைத்திருந்தவன் என்றால் 200 பவுண், 6 புள்ளி. சினிமா இயக்குநர் கை ரிச்சி 2020இல் ஆறு மாதம் ஓட்டத் தடை வாங்கியது, போனும் கையுமாக இருந்தவரை ஒரு சைக்கிள்காரர் படம் பிடித்ததால்தான்.

வீடியோவைப் பொதுவெளியில் போடுவதை, விஷயம் முடியும் வரை தள்ளிவையுங்கள். வழக்கைக் கெடுக்கலாம் என்பது ஒன்று. இன்னொன்று, வரும் வசவு. ஒலிபரப்பாளர் ஜெரமி வைன் வருடக்கணக்காகத் தன் சைக்கிள் வீடியோக்களைப் போட்டவர், 2025இல் தாங்க முடியாமல் நிறுத்திக்கொண்டார். நான் அந்த முதல் வீடியோவைக் குடும்ப வாட்ஸப்பில் மட்டும்தான் போட்டேன். அரை மணித்தியாலத்தில் டொரொன்டோவிலிருந்து சித்தி எடுத்தா: "தம்பி, அந்த வான்காரப் பெடியனைப் போட்டு இப்பிடிக் கத்துறது ஆரடா?"