மைதானத்துக்கும் போர்ட்ரெய்ட்டுக்கும் ஒரே டெலி ஜூம்: எதைப் பார்த்து வாங்குவது?

தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் டெலி ஜூம் லென்ஸ் வாங்கக் கிளம்பும் முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். மைதானத்தில் உங்களை எங்கே நிற்க விடுவார்கள்? ஆட்டம் எத்தனை மணிக்கு? லென்ஸ் மேல் அச்சிட்டிருக்கும் 200, 300, 400 (மி.மீ.-ல் குவியத்தூரம்; எண் பெரிதானால் ஆள் பெரிதாகத் தெரிவார்) எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தூரத்துக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. ஃபுல் ஃப்ரேம் கேமராவை (சென்சார் 36-க்கு 24 மி.மீ.) படுக்கைவாட்டில் பிடிக்கிறீர்கள் என்றால், ஆட்டக்காரர் நிற்கும் தூரத்தை மீட்டரில் எடுத்து 24-ஆல் பெருக்கி, லென்ஸின் மி.மீ.-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். படத்துக்குள் எத்தனை மீட்டர் உயரம் அடங்கும் என்பது வந்துவிடும். நிகான், சோனியின் கிராப் சென்சார் (அதைவிடச் சிறிய சென்சார்) என்றால் 24-க்குப் பதில் 16, கேனான் என்றால் 15.

200 மி.மீ.-ல் 20 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 2.4 மீட்டர் வருகிறது. ஆள் படம் முழுக்க நிறைவார். அதே லென்ஸில் 70 மீட்டர் தள்ளி, அதாவது பவுண்டரிக்கு வெளியே நின்று பேட்ஸ்மேனை எடுத்தால் 8.4 மீட்டர். 1.7 மீட்டர் உயர ஆள் படத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் இருப்பார். படத்துக்குள் அடங்கும் உயரம் மூன்று, மூன்றரை மீட்டரைத் தாண்டினால் முகபாவம் தொலைந்துபோகும். ஆகவே 200 மி.மீ. ஃபுல் ஃப்ரேமில் சுமார் 30 மீட்டர் வரை, கிராப் சென்சாரில் சுமார் 40 மீட்டர் வரை கைகொடுக்கும். கபடிக் களம் 13-க்கு 10 மீட்டர். அதற்கு 70-200 (70 முதல் 200 மி.மீ. வரை மாறும் ஜூம்) தாராளம். கால்பந்தில் கோல் கோட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தால் பெனால்டி பகுதி முழுவதும் கைக்குள் வரும், நடுக்கோடு வராது. கிரிக்கெட்டுக்கு மட்டும் 400 மி.மீ. வரை போக வேண்டியிருக்கும்.

அடுத்தது வெளிச்சம். பணம் கரைவதும் இங்கேதான். ஓடுபவரை உறைய வைக்க ஷட்டர் ஸ்பீடு 1/1000 நொடி, மட்டையில் பந்து படும் கணத்துக்கு 1/2000 தேவை. எஃப் எண் லென்ஸின் திறப்பை (அப்பர்ச்சர்) குறிக்கும்; எண் சிறிதானால் திறப்பு பெரிது, வெளிச்சம் அதிகம். உச்சி வெயிலில் எஃப்/5.6 லென்ஸே இதைச் செய்துவிடும். ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு; ஏற்ற ஏற்ற படம் புள்ளி புள்ளியாகும்) 200 முதல் 400 போதும். மாலை ஐந்தரைக்கு மேலோ, விளக்கு வெளிச்சத்திலோ கதை வேறு. எஃப்/2.8-ல் ஐஎஸ்ஓ 3200 கேட்கும் இடத்தில் எஃப்/4 6400 கேட்கும், எஃப்/5.6 12800 கேட்கும். "ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே, 5.6 போதாதா?" என்று பலரும் கேட்பார்கள். போதாது. அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும். ஓடுபவரின் கால் மங்குவதைத் தடுக்க ஷட்டர் ஸ்பீடுதான் வேண்டும்.

போர்ட்ரெய்ட்டுக்கு வருவோம். தூரத்துப் பின்னணி எவ்வளவு கரையும் என்பதை அறிய மி.மீ.-ஐ எஃப் எண்ணால் வகுத்துப் பாருங்கள். ஆளைப் படத்தில் ஒரே அளவில் வைத்தால், விடை பெரிதாக ஆக பிளரும் கூடும். 200-ல் எஃப்/2.8 என்றால் 71, 200-ல் எஃப்/4 என்றால் 50, 250-ல் எஃப்/5.6 என்றால் 45. எல்லோரும் கொண்டாடும் 85 மி.மீ. எஃப்/1.8-க்கு 47தான். எஃப்/4 ஜூம் போர்ட்ரெய்ட்டுக்கு உதவாது என்பது வீண் பயம். பின்னணி தள்ளி இருந்தால் அதுவே அழகாகக் கரைக்கும். பின்னணி ஆளுக்கு ஒட்டினாற்போல இருந்தால் மட்டும் 85 முந்திக்கொள்ளும்.

நிற்கும் இடத்தையும் யோசியுங்கள். ஃபுல் ஃப்ரேமில் 200 மி.மீ. வைத்து முழு உருவத்தைச் செங்குத்தாக எடுக்க 12 மீட்டர் பின்னால் போக வேண்டும். சொல்வது காதில் விழாது, கத்த வேண்டியிருக்கும். 85 மி.மீ.-ல் ஐந்து மீட்டர் போதும். இன்னொன்று: சில ஜூம்கள் கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும்போது அவற்றின் மி.மீ. சுருங்கிவிடும். நிகானின் 70-200 எஃப்/2.8 விஆர்-2 மிகக் கிட்டத்தில் ஏறத்தாழ 135 மி.மீ. போலத்தான் நடந்துகொள்ளும். முகம் மட்டும் எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எங்கள் பரிந்துரை: இரண்டு வேலைக்கும் ஒரே லென்ஸ் என்றால் 70-200தான். மாலை ஆட்டம், கபடி என்றால் எஃப்/2.8; பழையதாக வாங்கினாலும் பரவாயில்லை. பகல் ஆட்டம் மட்டும் என்றால் எஃப்/4 போதும். எடையும் கணக்கில் வரும்: கேனான் இஎஃப் எஃப்/2.8 மூன்றாம் பதிப்பு 1480 கிராம், எஃப்/4 இரண்டாம் பதிப்பு 780 கிராம். மூன்று மணி நேர ஆட்டத்தில் அந்த 700 கிராம் மணிக்கட்டில் தெரியும், எஃப்/2.8 என்றால் மோனோபாடுக்கும் (ஒற்றைக் கால் தாங்கி) பணம் ஒதுக்குங்கள்.

"பிறகு டெலி கன்வெர்ட்டர் போட்டுக்கொள்ளலாம்" என்ற எண்ணம் இருந்தால் முன்பே பொருத்தம் பாருங்கள். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டி மி.மீ.-ஐக் கூட்டும் துண்டு அது. கேனான் ஆர்எஃப் 70-200-ன் முதல் பதிப்புகள், எஃப்/2.8, எஃப்/4 இரண்டுமே, கன்வெர்ட்டரை ஏற்காது. சோனி கேமராக்களின் இ மவுண்ட்டுக்கு டாம்ரான், சிக்மா நிறுவனங்கள் செய்யும் லென்ஸ்களுக்கும் அந்த வழி இல்லை. ஏற்கும் லென்ஸிலும் 1.4 கன்வெர்ட்டர் ஒரு ஸ்டாப் (வெளிச்சத்தில் பாதி) தின்னும், 2 கன்வெர்ட்டர் இரண்டு ஸ்டாப்.

பழைய நிகான் 80-200 ஏஎஃப்-டி மலிவாகக் கிடைக்கிறதே என்று அவசரப்படாதீர்கள். அந்த லென்ஸுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை, டி3000, டி5000 வரிசை கேமராக்களிலும் இல்லை. கையால்தான் திருப்ப வேண்டும். பழைய லென்ஸை மாட்ட எஃப்டிஇசட் அடாப்டர் போட்ட நிகான் இசட் கேமராக்களிலும் அப்படித்தான்.

கடையில் உங்கள் கேமராவிலேயே மாட்டிப் பாருங்கள். அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, 200 மி.மீ.-ல், சுவரில் ஒட்டிய செய்தித்தாளை நேராக எடுங்கள். நான்கு மூலைகளில் ஒன்று மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கலாம், வேண்டாம். பிறகு வாசலுக்கு வந்து, உங்களை நோக்கி வரும் பைக்கைத் தொடர் ஃபோகஸில் இருபது படம் எடுங்கள். பாதிக்கு மேல் நம்பர் பிளேட் தெளிவாக இல்லையென்றால் முதலில் செட்டிங்கைச் சரிபாருங்கள், அடுத்து வேறு லென்ஸ் கேளுங்கள். இந்தச் சோதனையை நண்பகலில் செய்யாதீர்கள். சூடான தார்ச்சாலை மேல் காற்று அலையாடும். எவ்வளவு நல்ல லென்ஸிலும் தூரத்துப் படம் குழம்பித்தான் வரும். மதிய ஆட்டங்களில் லென்ஸ் மேல் விழும் பழி பெரும்பாலும் இந்தக் காற்றைச் சேர வேண்டியது.

பழைய லென்ஸ் என்றால் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். நாலைந்து தூசி இருந்தால் கவலையில்லை. சிலந்தி வலை போல மெல்லிய இழைகள் தெரிந்தால் அது ஃபங்கஸ்; விலையைக் குறைத்தாலும் வாங்காதீர்கள். சென்னை போன்ற ஈரக்காற்றுள்ள ஊரில் புது லென்ஸுக்கும் அது வரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் சின்ன ஈரப்பத மீட்டரும் போட்டு, 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருங்கள். மழையில் நனைந்த ஆட்டம் முடிந்து வந்தால் பையிலேயே மூடி வைக்காமல், துடைத்து, ஃபேன் காற்றில் ஆறவிட்ட பிறகு டப்பாவுக்குள் வையுங்கள்.