அஞ்சாம் கிளாஸ் அறிவியல்: அந்த மெழுகுவத்தியை விட்டுடுங்க

ஜூன்ல ஸ்கூல் தொறந்ததுல இருந்து அக்கம்பக்கத்து ஸ்கூல்களுக்குப் போய், புதுசா வேலைக்கு வந்தவங்க பாடம் எடுக்கிறத பசங்களோட தரையில உக்காந்து பாத்துட்டு வரேன். நாங்க அந்தக் காலத்துல அடிச்ச கூத்து எல்லாம் அச்சு மாறாம அப்படியே நடக்குது. மனப்பாடம் பண்ண வைக்காதீங்க, சத்தமா கத்தாதீங்க, இதெல்லாம் எழுதப்போறதில்ல, அது டி.எல்.எட். (ஆசிரியர் பயிற்சி) படிக்கும்போதே காது புளிக்கக் கேட்டதுதான். நல்லா தயார் பண்ணிட்டு வர்ற டீச்சரே மாட்டிக்கிற இடங்கள் சிலது இருக்கு, அத மட்டும் சொல்றேன்.

மெழுகுவத்தி மேல டம்ளரைக் கவிழ்க்கிறது

இதுக்குத்தான் எனக்கு இன்னமும் கோவம் வரும். எல்லாருக்கும் தெரிஞ்ச சோதனைதான், தட்டுல மெழுகுவத்திய ஒட்டி, சொட்டு நீலம் கலந்த தண்ணி ஊத்தி, பத்த வெச்சு, மேல கண்ணாடி டம்ளரைக் கவிழ்ப்போம். சுடர் அணையும், தண்ணி உள்ள ஏறும். பசங்க கை தட்டுவாங்க. உடனே டீச்சர், "பாத்தீங்களா, ஆக்சிஜன் எரிஞ்சு தீர்ந்துடுச்சு, அது இருந்த எடத்துக்குத் தண்ணி வந்துடுச்சு, அஞ்சுல ஒரு பங்கு ஏறியிருக்கு, அப்போ காத்துல அஞ்சுல ஒரு பங்கு ஆக்சிஜன்" அப்படின்னு முடிச்சுடுவாங்க.

விடை சரி, காத்துல ஆக்சிஜன் கிட்டத்தட்ட 21 சதவீதம்தான். ஆனா இந்த டம்ளர் அத காட்டவே இல்ல.

நான் போன ஒரு ஸ்கூல்ல இது நடந்துச்சு. டீச்சர் ராத்திரி உக்காந்து டம்ளர்ல மார்க்கர்ல சமமா அஞ்சு பாகம் பிரிச்சு கோடு போட்டு கொண்டு வந்திருந்தாங்க, உழைப்ப குறை சொல்லவே முடியாது. தண்ணி முதல் கோட்டுக்குக் கீழயே நின்னுடுச்சு. அவங்க என்ன பண்ணாங்க தெரியுமா, தட்டைக் கொஞ்சமா சாய்ச்சு, பசங்க உக்காந்திருந்த பக்கம் தண்ணி கோட்டத் தொடுற மாதிரி பிடிச்சு காட்டினாங்க! அப்போ முன் வரிசையில ஒரு பாப்பா எழுந்து, "டீச்சர், மெழுகுவத்தி எரியும்போது தண்ணி ஏறவே இல்லியே, அணைஞ்சதுக்கு அப்புறம்தானே விறுவிறுன்னு ஏறுச்சு?" அப்படின்னு கேட்டுச்சு. "அதெல்லாம் பெரிய கிளாஸ்ல படிப்ப, உக்காரு"ன்னு பதில் வந்துச்சு.

அந்தப் பாப்பா கேட்டதுதான் அறிவியல், அன்னிக்கு அந்த ரூம்ல வேற யாரும் அத பண்ணல. ஆக்சிஜன் தீரத் தீர தண்ணி ஏறுதுன்னா, சுடர் எரியிற நேரம் பூரா கொஞ்சம் கொஞ்சமா ஏறணும்ல? ஏறாது. டம்ளரைக் கவிழ்க்கிறப்போ விளிம்பு கிட்ட குனிஞ்சு பாருங்க, குமிழி குமிழியா காத்து வெளிய போறது தெரியும். சுடரோட சூட்டுல காத்து விரியுது, கொஞ்சம் தப்பிச்சுப் போயிடுது. சுடர் அணைஞ்சதும் மிச்சக் காத்து ஆறுது, சுருங்குது, வெளிக்காத்து தண்ணிய உள்ள தள்ளுது. மெழுகு எரியிறதுல வர்ற நீராவியும் டம்ளர் சுவத்துல தண்ணியா படிஞ்சுடும், அதனாலயும் உள்ள அழுத்தம் குறையும். ஆக்சிஜன் போன எடம் காலியாவும் இல்ல, பாதிக்கு மேல கார்பன் டை ஆக்ஸைடு வந்து உக்காந்துக்கும். அத விட முக்கியம், சுடர் அணையறப்போ உள்ள ஆக்சிஜன் தீர்ந்தே போயிருக்காது, 21 சதவீதம் இருந்தது 16 சதவீதத்துக்கு பக்கத்துல வந்தாலே மெழுகுவத்தி அணைஞ்சுடும்.

நம்பலைன்னா அதே டம்ளர், அதே தட்டு, மூணு மெழுகுவத்திய சேத்து பத்த வெச்சு மூடுங்க. தண்ணி இன்னும் மேல ஏறும். டம்ளர்ல இருந்த ஆக்சிஜன் என்ன மூணு மடங்கா ஆயிடுச்சு? சூடுதான் கூடியிருக்கு. இந்த ஒண்ண செஞ்சு பாத்திருந்தாலே யாரும் அந்தப் பழைய கதைய சொல்லியிருக்க மாட்டாங்க, ஆனா டெமோவை ஒரு தடவ பண்ணி எடுத்து வெச்சுடுறோம், ரெண்டாவது தடவ மாத்திப் பண்ணிப் பாக்கிற பழக்கமே நம்மகிட்ட இல்ல. (ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ஃபைலோன்னு ஒரு கிரேக்க அறிஞர் இந்தச் சோதனைய எழுதி வெச்சிருக்கார், அவரும் தப்பாதான் விளக்கினார். அவர விட்டுடலாம்.)

இது ஏன் பெரிய நஷ்டம்னா, கேள்வி கேட்ட புள்ளை தன் கண்ணு பாத்தது தப்பு, டீச்சர் சொன்னது சரின்னு முடிவு பண்ணிடும். அதுக்கப்புறம் அது டம்ளரைப் பாக்காது, உங்க மூஞ்சியத்தான் பாக்கும், எந்தப் பதில சொன்னா நீங்க தலையாட்டுவீங்கன்னு.

அஞ்சுல ஒரு பங்கு காட்டியே ஆகணும்னா நெருப்பே வேண்டாம். லேத் பட்டறையில கேட்டா இரும்புத்தூள் ஒரு பொட்டலம் கட்டிக் குடுப்பாங்க. எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், சோப்புத் தண்ணியில நல்லா அலசிக்கோங்க. உயரமான டம்ளரோட உள்பக்கத்த நனைச்சு தூளைத் தூவி ஒட்ட வெச்சு, தண்ணித் தட்டுல கவிழ்த்து ஜன்னல் ஓரமா விட்டுடுங்க. பசங்க தினமும் காலையில வந்து கோடு போடட்டும். தூள் துரு பிடிக்கும், தண்ணி மெதுவா ஏறும், சில நாள்ல அஞ்சுல ஒரு பங்கு வாக்குல வந்து நின்னுடும். பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் ஸ்க்ரப்பரை வெச்சு முயற்சி பண்ணாதீங்க, அது பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ், துரு பிடிக்காது.

ஆசிட், ஸ்பிரிட் லேம்ப்

தொடக்கப் பள்ளியில வேண்டாம். பேச்சே இல்ல.

ரிசல்ட்டை முன்னாடியே போர்டுல எழுதுறது

"நோக்கம்: உப்பு நீரில் முட்டை மிதக்கும் என்பதை அறிதல்". சரி, அறிஞ்சாச்சு, அப்புறம் எதுக்கு முட்டை?

சத்துணவு முட்டைய எடுங்க, தண்ணியில போட்டா முழுகும். ஒரு பிடி கல்லுப்பு போட்டா என்ன ஆகும்னு கேட்டு, ஒவ்வொருத்தரும் சிலேட்ல எழுதின பிறகு உப்பைப் போடுங்க. எழுதாத பையனுக்கு அதுல ஒரு ஆர்வமும் இருக்காது, தப்பா எழுதின பையன் எட்டி எட்டிப் பாப்பான். உப்பு கரையிற வரைக்கும் கலக்குங்க, பாதி பேர் அவசரப்பட்டு "மிதக்கலையே"ன்னு முழிக்கிறது இங்கதான். அப்புறம் முட்டைய கழுவி உரியவனுக்குக் குடுத்துடுங்க, அவன் அது மேலதான் கண்ணா இருப்பான்.

வெயில் காலத்துல சூரியன் கிட்ட வருதுன்னு சொல்றது

ஜனவரி ஆரம்பத்துல பூமி சூரியன்ல இருந்து 14.7 கோடி கிலோமீட்டர்ல இருக்கு, ஜூலை ஆரம்பத்துல 15.2 கோடி. அதாவது மார்கழிக் குளிர்லதான் கிட்ட இருக்கோம். பூமியோட சாய்வு அது இதுன்னு அஞ்சாம் கிளாஸுக்கு முழுசா விளக்க முடியலைன்னா பரவாயில்ல, பொய்யாச்சும் சொல்லாம இருக்கலாம்.

கொடிக்கம்பத்து நிழலை அளக்க வைங்க. நிழலில்லா நாள், அதாவது சூரியன் நேர் உச்சிக்கு வந்து கம்பத்து நிழலே மறையிற நாள், ஏப்ரல்ல ஒரு தடவ வரும், அப்போ பரீட்சை, லீவுன்னு போயிடும். ஆகஸ்ட்ல திரும்ப வரும், சென்னையில 18ஆம் தேதி வாக்குல, தெற்க போகப் போக மாசக் கடைசி வரைக்கும் தள்ளும். டாண்ணு 12 மணிக்கு பசங்களை வெளிய கூட்டிட்டு போய் நிழல் இருக்கேன்னு திரும்பிடாதீங்க, சென்னையிலயே 12.10 தாண்டணும், கோயம்புத்தூர்னா 12.20ம் தாண்டணும்.

வீடியோ போட்டா பாடம் முடிஞ்சுது

முடியல.

பயறை அன்னிக்கே ஊற வைக்கிறது

விதை முளைக்கிற பாடம் திங்கக்கிழமைன்னா திங்கக்கிழமை காலையில பச்சைப்பயறோட வருவாங்க. வெள்ளி, சனி, ஞாயிறுன்னு தனித்தனியா ஊற வெச்சு மூணு கிண்ணமா கொண்டு வாங்க, வேர் முதல்ல வர்றத ஒரே நேரத்துல வரிசையா பாத்துடலாம். திங்கக்கிழமை பசங்க கையாலயும் ஒரு கிண்ணம் போட வைங்க. பஞ்சுல தண்ணி தேங்க விடாதீங்க, பசங்க போறப்ப வர்றப்ப எல்லாம் ஊத்துவாங்க, ரெண்டு நாள்ல நாறிடும். நாறினாலும் தூக்கிப் போடாம நல்ல கிண்ணத்துக்குப் பக்கத்துலயே வைங்க, ஏன் இது மட்டும் அழுகுச்சுன்னு அவங்களே சண்டை போட்டுக்கட்டும்.