மூளைக்குள் இருக்கும் காட்சி வரைபடம்: எம்.சி. ரோட்டில் நின்றே சோதித்துப் பார்க்கலாம்

கண்ணில் விழுவது மூளையின் பின்பக்கத்தில் போட்டோ மாதிரி அப்படியே பதிகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. அங்கே இருப்பது வரைபடம், அதுவும் கோணல்மாணலான வரைபடம். இதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு வெள்ளைத்தாள், ஸ்கெட்ச் பேனா, ஒரு லோக்கல் ரயில் டிக்கெட் போதும்.

முதல் படி. சென்னை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கூட்டம் இடிக்காத ஓரமாக நின்று, எதிர்க்கடை போர்டில் ஒரே ஓர் எழுத்தைப் பாருங்கள். கண்ணை அசைக்காமல் பக்கத்துக் கடை போர்டைப் படிக்கப் பாருங்கள். கலர் தெரியும், ஆள் போவது தெரியும், எழுத்து மட்டும் பிடிபடாது. கையை நீட்டிக் கட்டைவிரலைத் தூக்கினால் நகம் மறைக்கிற சுமார் 2 டிகிரிதான் நமக்குப் பளிச்சென்று தெரியும் இடம். விழித்திரையிலேயே தொடங்குகிற இந்த ஓரவஞ்சனை மூளையிலும் தொடர்கிறது: வி1 என்ற முதல் பார்வைப் புறணியில் (புறணி என்பது மூளையின் வெளியடுக்கு), பார்வையின் மையத்திலிருந்து 10 டிகிரிக்குள் இருப்பதற்கே ஏறக்குறைய பாதி இடம் போய்விடும். மிச்சக் காட்சியெல்லாம் மிச்ச இடத்தில் அடங்கியாக வேண்டும்.

இதைக் கண்ணால் காட்டியது 1982-ல் டூட்டெல் என்ற ஆய்வாளரின் குழு. மக்காக் குரங்குக்குக் கதிரியக்கம் கொண்ட, சர்க்கரை போன்ற ஒரு பொருளை ஏற்றி, வட்டங்களும் ஆரங்களும் கொண்ட சக்கர வடிவத்தை மினுக்கிக் காட்டினார்கள். வேலை செய்த செல்கள் அந்தப் பொருளை அதிகம் உறிஞ்சின. பிறகு புறணியைத் தட்டையாக்கி ஃபிலிமில் பதித்தபோது சக்கரம் அங்கேயே தெரிந்தது, ஆனால் வெளியே போகப்போக இடைவெளி கூடிய வட்டங்கள், புறணியில் கிட்டத்தட்ட சம இடைவெளிக் கோடுகளாக மாறியிருந்தன. (குரங்கு செத்த பிறகுதான் அந்தப் படம் கிடைத்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.)

சரி, இரண்டாம் படி. தாளில் ஒரு பாதியில் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்த தடிமனான கோடுகள், மறுபாதியில் மேலிருந்து கீழாகச் செங்குத்தான நேர்க்கோடுகள். சாய்ந்ததை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நேர்க்கோட்டுக்குத் தாவுங்கள். அது இடப்பக்கம் சாய்ந்ததாகத் தோன்றும். வி1-ல் ஒவ்வொரு சாய்வுக்கும் தனித்தனிச் செல்கள் பத்தி பத்தியாக அடுக்கியிருக்கின்றன. ஒரு சாய்வுக்கான செல்கள் களைத்துப்போனால் கணக்கு எதிர்ப்பக்கம் சரியும். குரங்கில் இந்தப் பத்திகளைப் பற்றி ஹ்யூபெல், வீசல் என்ற இரு ஆய்வாளர்கள் 1968-ல் எழுதினார்கள். 1981-ல் நோபல் கிடைத்தது.

மூன்றாம் படிக்குக் கும்மிடிப்பூண்டி லோக்கல். கொருக்குப்பேட்டை தாண்டியதும் ஜன்னல் கம்பியில் ஒரு புள்ளியிலேயே கண்ணை வைத்து, வெளியே ஓடும் ஜல்லியைக் கவனத்தில் வையுங்கள். தண்டையார்பேட்டையில் வண்டி நின்றதும் பிளாட்பாரம் மெல்ல முன்னால் நகர்வது போல இருக்கும். இதுவும் அதே களைப்புக் கணக்குதான். அசைவுக்கென்றே மூளையில் எம்டி என்று தனிப்பகுதி உண்டு, அதற்குள்ளும் காட்சியின் வரைபடம் ஒன்று உண்டு.

அப்புறம், ‘இதெல்லாம் கண்ணின் களைப்புதானே’ என்று யாராவது கேட்பார்கள். இரண்டாம் படியை இடக்கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கள், பிறகு வலக்கண்ணை மூடி இடக்கண்ணால் நேர்க்கோட்டைப் பாருங்கள். கொஞ்சம் குறைந்தாலும் சாய்வு தெரியும். அந்தக் கண் சாய்ந்த கோட்டைப் பார்க்கவே இல்லை. ஆக களைத்தது விழித்திரை அல்ல, இரு கண்களின் செய்தியும் சேரும் புறணி.