வன்முறை வீடியோவைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லும் முன்

2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று சில வீடியோக்கள் வட இந்தியா முழுக்கச் சுற்றின. அடி உண்மை, ரத்தமும் உண்மை. ஆனால் அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு விளக்கியபடி, ஒன்று பிகாரைச் சேர்ந்த இரு குழுக்களுக்குள் நடந்த மோதல். இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது. ராஜஸ்தானின் ஜோத்பூரில் நடந்த ஒரு கொலையின் காட்சிகூட அதே பெயரில் ஓடியது. இவற்றை எத்தனை முறை ஜூம் செய்து பார்த்திருந்தாலும் உண்மை தெரிந்திருக்காது. பொய் முழுவதும் மேலே ஒட்டியிருந்த வாசகத்தில் இருந்தது.

இப்படிப்பட்ட வீடியோவை ஆராய உட்காருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். கையில் வந்த பிரதியை உடனே உற்றுப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். முதலில் போட்டது யார், எப்போது, எந்த ஊரில் எடுத்தது என்பதெல்லாம் பிறகுதான் நினைவுக்கு வருகிறது. நான்கைந்து ஃப்ரேம்களைப் படமாக எடுத்து படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸில் போட்டால், பழைய வீடியோவாக இருந்தால் பல நேரம் அங்கேயே பிடிபட்டுவிடும். கடைப் பலகை, வண்டி எண் பலகையின் வடிவம், மின்கம்பம், பின்னால் தெரியும் மலை எல்லாம் ஊரைக் காட்டிக்கொடுக்கும்.

வெட்டப்பட்ட பகுதியை மறப்பது அடுத்த தவறு. 2018இல் இந்தியா முழுக்கக் குழந்தைக் கடத்தல் பீதியைக் கிளப்பிய வீடியோக்களில் ஒன்று, பாகிஸ்தானின் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். அதில் பைக்கில் வந்தவர்கள் குழந்தையைத் தூக்கிச் சென்று, பிறகு திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஒரு அட்டையைக் காட்டுவார்கள். அந்த முடிவை வெட்டிவிட்டுப் பரப்பினார்கள். அதே ஆண்டு மே மாதம், இப்படிப்பட்ட வதந்திகள் பரவிய சூழலில், திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார்.

சரி, வீடியோ அசல், முழுமையானது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நம் கண் ஏமாறும். ஸ்லோமோஷன் இதில் மிகவும் ஆபத்தானது. 2016இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஒரே வன்முறைக் காட்சியை மெதுவாகப் பார்த்தவர்கள், சாதாரண வேகத்தில் பார்த்தவர்களைவிட அதிகமாக “வேண்டுமென்றே செய்தான்” என்று முடிவு கட்டினார்கள். நிஜத்தில் எவ்வளவு நேரம் ஆனது என்று திரையிலேயே காட்டியும் அந்தச் சாய்வு முழுதாகப் போகவில்லை. அரை நொடியில் நடந்ததை ஐந்து நொடிக்கு இழுத்தால், அவனுக்கு யோசிக்க நேரம் இருந்தது என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. வேகத்தைக் குறைத்துப் பாருங்கள், தவறில்லை. ஆனால் நோக்கத்தைப் பற்றிய கருத்தை அதிலிருந்து எடுக்காதீர்கள்.

தூரத்திலிருந்து ஜூம் செய்து எடுத்தால் பத்தடி இடைவெளியும் நெருக்கமாகத் தெரியும். வாட்ஸ்அப்பில் பலமுறை ஃபார்வர்டு ஆன வீடியோவில், கையில் இருப்பது கத்தியா போனா என்று சொல்ல முடியாது; அங்கே மிச்சமிருப்பது சில கறுப்புக் கட்டங்கள்தான். சத்தத்திலும் கவனம் வேண்டும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். பக்கத்தில் சுட்டது முன்னால் கேட்கும், தொலைவில் சுட்டது தாமதமாகக் கேட்கும். ஆகவே முதலில் கேட்ட வெடிதான் முதலில் சுட்டது என்று சொல்லிவிட முடியாது. எதிரொலியை இன்னொரு குண்டாக எண்ணுவதும் நடக்கிறது.

ஒரு முரண் கிடைத்ததுமே “போலி” என்று முடிப்பது இதன் மறுபக்கம். இலங்கைப் போரின் கடைசிக் கட்டத்தில், கட்டப்பட்ட நிலையில் இருந்தவர்களைச் சுட்டுக் கொல்லும் காட்சியைப் பிரிட்டனின் சேனல் 4 2009 ஆகஸ்டில் ஒளிபரப்பியது. இலங்கை அரசு அதைப் போலி என்றது. ஐநா சிறப்பு அறிக்கையாளர் ஃபிலிப் ஆல்ஸ்டன் துப்பாக்கி, தடயவியல் மருத்துவம், வீடியோ ஆகிய மூன்று துறை வல்லுநர்களிடம் அதைக் கொடுத்தார். அசல் என்றே சான்றுகள் வலுவாகக் காட்டுவதாக 2010 ஜனவரியில் அறிவித்தார். விளக்க முடியாதவற்றையும் அவர் மறைக்கவில்லை: சிலரின் உடல் அசைவு, கடைசி 17 ஃப்ரேம்கள், கோப்பில் பதிந்திருந்த 2009 ஜூலை 17 என்ற தேதி. புரியாததைப் புரியவில்லை என்றே எழுதிவைத்து, மொத்தச் சான்றையும் எடைபோட்டார்கள். இந்த நேர்மைதான் எனக்கு இந்த வேலையின் உயிர். ஆல்ஸ்டனுக்குப் பின் அதே பொறுப்புக்கு வந்த கிறிஸ்டோஃப் ஹெய்ன்ஸ், 2011இல் நீளமான பதிவை ஆராய வைத்து அதே முடிவுக்கு வந்தார்.

முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்வதை மட்டும் எந்த நிலையிலும் செய்யாதீர்கள். 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பின்போது, அதற்கு ஒரு மாதம் முன்பே காணாமல் போயிருந்த ஒரு மாணவரை ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தில் குற்றவாளியாக்கினார்கள். மகனைத் தேடிக்கொண்டிருந்த குடும்பத்தை வசைகள் சூழ்ந்தன. சில நாளில் அவருடைய உடல் ஓர் ஆற்றில் கிடைத்தது. குண்டுவெடிப்புக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அப்புறம், கண்டுபிடித்ததைக் காட்ட வீடியோவையே மறுபடி பரப்ப வேண்டியதில்லை. அசல் கோப்பையும் இணைப்பையும் பதிவேறிய நேரத்தையும் பத்திரப்படுத்துங்கள். தளங்கள் எப்போது வேண்டுமானாலும் நீக்கிவிடும். பொதுவில் போடுவதானால் முகங்களை மறைத்த ஸ்டில் போதும். முதல்முறை பார்க்கும்போது சத்தத்தை அணைத்துவிடுங்கள். அலறல் காட்சியைவிட நீண்ட நாள் மனதில் தங்கும்.