பக்கவாதத்துக்குப் பின் கைப்பயிற்சி: வீட்டில் விஆர் ஹெட்செட் பயன்படுத்துபவர்களுக்கு

பக்கவாதத்தால் பலவீனமான கை தேற, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். சலிப்பில் பலர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்தச் சலிப்பைப் போக்க விஆர் விளையாட்டு, அதாவது கண்ணை மூடி மாட்டும் ஹெட்செட்டில் தெரியும் மெய்நிகர் உலக விளையாட்டு, நன்றாகவே உதவும். ஆனால் பிசியோதெரபியை நிறுத்திவிடாதீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி, வழக்கமான பயிற்சிக்குப் பதிலாக விஆர் பயிற்சி செய்தால் கைக்குக் கூடுதல் பலன் இல்லை. அதோடு சேர்த்துச் செய்தால் பலன் இருக்கலாம்.

கைப்பிடியுள்ள, சக்கரம் இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தே செய்யுங்கள். உங்கள் ஹெட்செட் மெட்டா குவெஸ்ட் என்றால், விளையாடும் இடத்தின் எல்லையை 'ஒரே இடம்' (Stationary) என்ற முறையில் வைக்கலாம். பிடி தளர்ந்தவர்களுக்கு, கையில் பிடிக்கும் கன்ட்ரோலர் இல்லாமல் விரலசைவையே கண்டறியும் வசதி பெரிய வரம்.

ரொம்ப முக்கியம் இதுதான்: ஆட்டத்தில் எட்ட முடியாத பொருளைத் தொட, பலர் கையை நீட்டாமல் முதுகையே முன்னால் வளைப்பார்கள். மதிப்பெண் ஏறும், தோளுக்கு வேலையே இருக்காது. ஹெட்செட் போட்டவருக்கு இது தெரியாது. பக்கத்தில் ஒருவர் இருந்து, முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹெட்செட் போட்டவர் பார்ப்பதை, பக்கத்தில் இருப்பவரின் போனிலும் ஓடவிட்டால் வழிகாட்டுவது சுலபம்.

முதலில் ஐந்து நிமிடம் போதும். தலைசுற்றல், குமட்டல், தோள்வலி வந்தால் உடனே கழற்றிவிடுங்கள். வலிப்பு வந்த வரலாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது.