புகைக்கு வழி திறக்காமல் ஃபேனைப் போடாதீர்கள்

வேலூரில் ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜுகளுக்குக் குறைவே இல்லை. சுவரோடு சுவர் ஒட்டிய கட்டடங்கள், நடுவில் ஒரு நடைவழி, இரண்டு பக்கமும் அறைகள். அப்படி ஒரு லாட்ஜில் ஊழியர்களுக்குத் தீ பாதுகாப்பு சொல்லித்தரப் போயிருந்தேன். தீயணைப்பில் புகையைத் தள்ளப் பயன்படும் பெரிய ஃபேனைக் காட்டியதும் மேனேஜர் கேட்டார்: “இன்னா சார், வாசல்லயே ஒட்டி வெச்சிட்டா போச்சு. மொத்தக் காத்தும் உள்ளதான போவும்?”

போகாது. ஃபேன் காற்று புனல் மாதிரி விரிந்துகொண்டே போகிறது. அது வாசல்நிலை முழுவதையும் மூடுகிற அளவு விரிந்தபிறகு உள்ளே நுழைய வேண்டும். ஒட்டி வைத்தால் நடுவில் மட்டும்தான் காற்று பாயும். நிலையின் மேல் மூலைகள் வழியாகப் புகை திரும்பி வரும், அதையே ஃபேன் இழுத்து மறுபடி உள்ளே அனுப்பும். 3 அடி அகலம், 7 அடி உயரம் உள்ள வாசல் என்றால் 6 முதல் 8 அடி தள்ளி, கொஞ்சம் மேலே பார்க்கச் சாய்த்து வைப்பது வழக்கம். ஃபேனின் அளவையும் வகையையும் பொறுத்து இது மாறும்.

ரிசப்ஷனில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. அதை எடுத்து நிலையின் மேல் மூலையில் பிடிக்கச் சொன்னேன். புகை எங்கள் முகத்துக்கே வந்தது. ஃபேனை ஓரடி பின்னால் இழுத்தோம், இன்னும் ஓரடி இழுத்தோம். நாலாவது தடவை இழுத்தபோது ஊதுபத்திப் புகை சட்டென்று உள்பக்கம் மடிந்தது. மேனேஜர் அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் ஃபேன் எங்கே இருக்கிறது என்பது இரண்டாவது கேள்விதான். புகை எந்த வழியாக வெளியே போகப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அந்த வழியைத் திறக்காமல் ஃபேனை ஓடவிட்டால் புகை கலங்கிச் சுற்றும். கதவிடுக்கு, ஃபால்ஸ் சீலிங், வயர் போகும் ஓட்டை என்று கிடைத்த சந்திலெல்லாம் நுழைந்து, அதுவரை சுத்தமாக இருந்த அறைகளையும் கெடுக்கும். தீப்பிடித்த அறையிலேயே வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல் இருந்தால் அதுதான் சரியான வழி. அது ஏறக்குறைய வாசல் அளவுக்காவது இருப்பது நல்லது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பதற்றத்தில் எல்லா ஜன்னலையும் திறந்துவிடுவார்கள். பஞ்சரான டியூபுக்குக் காற்றடிப்பது போல, எங்கேயும் அழுத்தம் நிற்காது. ஓர் அறையைத் திறந்து புகையை வெளியேற்றி, அதை மூடிவிட்டு அடுத்த அறைக்குப் போக வேண்டும். மாடிகளுக்கும் இதே கணக்குதான். படிக்கட்டில் புகை என்றால் கீழே ஃபேன், மேலே மொட்டைமாடிக் கதவு. அந்தக் கதவுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை யாரோ வீட்டுக்கு எடுத்துப்போயிருப்பார்கள்!

காற்றின் திசையையும் பார்க்க வேண்டும். ஆடியில் மேற்கிலிருந்து காற்று வீசும்போது மேற்கு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கிழக்கு வாசலில் ஃபேனை ஓட்டினால், வெளிக்காற்று புகையை உள்ளேயே திருப்பிவிடும்.

இதுவரை சொன்னவை திறமைக் குறைவால் வரும் தவறுகள். இனி வருவது உயிரை எடுக்கும். ஷட்டர் இறக்கிய கடை ஒன்றில் நெருப்பு காற்றுக்குத் தவித்துக்கொண்டிருக்கிறது. இடுக்குகள் வழியாகப் புகை மூச்சு விடுவது போல வெளியே வந்து உள்ளே போகிறது. அந்தப் புகையே எரிபொருள்தான். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடு, காற்றில் 12.5 முதல் 74 சதவீதம் கலந்திருந்தால் தீப்பற்றும். இந்த நேரத்தில் ஷட்டரைத் தூக்கி ஃபேனையும் போட்டால் வெடித்துச் சிதறலாம். தீ எங்கே என்று தெரியாமல், தண்ணீர் ஏற்றிய ஹோஸ் கையில் இல்லாமல் ஃபேனை முடுக்கவே கூடாது. நாம் திறந்த ஜன்னலில் யாராவது நின்று கை ஆட்டிக்கொண்டிருந்தால் சூடும் புகையும் நேராக அவர் மேல்தான் போகும். நெருப்பு ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஏறியிருந்தாலும் ஃபேனை மறந்துவிடலாம்.

ஆக, கடைக்காரரோ ஊழியரோ பெடஸ்டல் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். கதவைச் சாத்திவிட்டு வெளியேறி 101-ஐ அழைக்கட்டும். கேஸ் வாசனை வந்தால் எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சைக்கூடத் தொடக் கூடாது.

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துத் தோல் குடோன்களின் அகலமான ஷட்டருக்கு ஒரு ஃபேன் போதாது. இரண்டை அருகருகே வைத்து, ஷட்டர் இறங்காதபடி முட்டுக்கொடுக்க வேண்டும். பெட்ரோல் ஃபேன் என்றால் அதன் எஞ்சின் புகையிலும் கார்பன் மோனாக்சைடு உண்டு. புகை வெளியேறியதும் அதை நிறுத்திவிடலாம்.

அப்புறம், லாட்ஜ் மெத்தை. பஞ்சுக்குள் கங்கு கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும், ஃபேன் காற்று பட்டதும் ஊதிவிட்ட அடுப்பு மாதிரி மறுபடி பிடித்துக்கொள்ளும். மெத்தையைத் தெருவுக்கு இழுத்துப்போட்டு, கிழித்து, உள்வரை நனைத்துவிடுங்கள்.