பொடி எழுத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம்

கோத்தகிரியில் பசுந்தேயிலை எடைக் கணக்கு பார்ப்பது என் வேலை. சாயங்காலமானால் ஊர் ஊராக எக்செல் கோப்புகள் வந்து விழும். எழுத்து கடுகளவு, கீழே உருட்டினால் 'கிலோ', 'கழிவு' என்ற தலைப்பு வரி மேலே ஓடிவிடும். குளிரில் விறைத்த விரலோடு ஒவ்வொன்றையும் சரிசெய்து அலுத்துப்போய்த்தான் மேக்ரோவுக்கு வந்தேன்; அதாவது, செய்யும் வேலைகளை எக்செல்லில் ஒருமுறை பதிவுசெய்து, பிறகு ஒரே விசையழுத்தத்தில் திரும்பச் செய்யவைப்பது.

வியூ பகுதியில் மேக்ரோஸ், ரெக்கார்ட் மேக்ரோ. குறுக்குவிசையாக கன்ட்ரோல், ஷிஃப்ட், எம் கொடுங்கள். சேமிக்கும் இடம் 'பர்சனல் மேக்ரோ ஒர்க்புக்' என்றிருக்கட்டும். அப்போதுதான் எந்தக் கோப்பிலும் வேலை செய்யும். ஓகே கொடுங்கள். இனி நீங்கள் செய்வதெல்லாம் பதிவாகும். முதலில் ஏ1 கட்டத்தைச் சொடுக்குங்கள். இதை நான் விட்டுவிட்டதால், நாற்பதாவது வரி தலைப்பாக உறைந்து நின்றது! அடுத்து வியூ பகுதியில் ஃப்ரீஸ் பேன்ஸ், 'ஃப்ரீஸ் டாப் ரோ' கொடுங்கள்; அது திரையில் மேலே தெரியும் வரியைத்தான் பிடிக்கும். அப்புறம் ஜூம் 130, கட்டக்கோடு நீக்கம், ஸ்டாப் ரெக்கார்டிங். சரி, முடிந்தது.

எக்செல்லை மூடும்போது பர்சனல் ஒர்க்புக்கைச் சேமிக்கவா என்று கேட்கும். 'சேவ்' கொடுக்காவிட்டால் மறுநாள் மேக்ரோ இருக்காது.